அமைச்சரைப் பதில் சொல்ல வைப்பது எப்படி? நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புகாரை எம்பியிடம் கொண்டுபோவதா, எம்எல்ஏவிடமா?

பணம் எந்தக் கஜானாவிலிருந்து போனது, கையெழுத்துப் போட்டது எந்தத் துறை என்று முதலில் பாருங்கள். நாங்குநேரி சுங்கச்சாவடி, ஜங்ஷன் ரயில் நிலைய வேலை, தேசிய நெடுஞ்சாலை எல்லாம் டெல்லிக் கணக்கு. தாமிரபரணிப் பாசனம், மாநில நெடுஞ்சாலை, ரேஷன், அரசு ஆஸ்பத்திரி எல்லாம் சென்னைக் கணக்கு. இடம் மாற்றிக் கேட்டால் "இது மாநில அரசின் பொருள்" என்று ஒற்றை வரியில் கோப்பை மூடிவிடுவார்கள். அந்தக் கூட்டத்தொடரும் கையை விட்டுப் போய்விடும்.

கூடங்குளம் இராதாபுரம் தொகுதிக்குள் இருந்தாலும் அணுசக்தித் துறை பிரதமரின் நேரடிப் பொறுப்பு. அதனால் கேள்வி பிரதமரை நோக்கியே போகும். பதில் தருபவர் பெரும்பாலும் பிரதமர் அலுவலக இணையமைச்சர்.

இரண்டும் கலந்த விவகாரங்களும் உண்டு. கடற்கரைத் தாது மணலில் குத்தகை மாநிலத்துடையது. மோனசைட் அணுக்கனிமம் என்பதால் ஒன்றிய அரசுக்கும் பொறுப்பு. 2013-ல் மாநில அரசு தோண்டத் தடை போட்டது. 5,832 கோடி ரூபாயை வசூலிக்கவும் சிபிஐ விசாரிக்கவும் 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இப்படிப்பட்ட பொருளைக் கேள்வியாக்கும்போது இரண்டாகப் பிரித்து, குத்தகையைச் சட்டமன்றத்திலும் அணுக்கனிமத்தை நாடாளுமன்றத்திலும் கேட்க வேண்டும். ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்துக்கு இரு அரசுகளும் பாதிப் பாதி பணம் போடுவதால் இரண்டு அவையிலும் கேட்கலாம்.

எங்கள் ஊர் ஆலங்குளம். மாவட்டம் தென்காசி. எங்கள் எம்பி யார்?

திருநெல்வேலி எம்பி. ஆலங்குளம், திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, இராதாபுரம் ஆகிய ஆறும் சேர்ந்ததுதான் திருநெல்வேலி மக்களவைத் தொகுதி. சங்கரன்கோவில், கடையநல்லூர்க்காரர்களுக்குத் தென்காசி எம்பி.

உங்கள் தொகுதி எம்பிதான் கேட்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. அவர் ஆளுங்கட்சிக்காரர், தயங்குகிறார் என்றால் வேறு எம்பியைப் பாருங்கள். தமிழ்நாட்டுக்கு மாநிலங்களவையில் 18 உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

எம்பியிடம் மனு கொடுத்தோம். கேட்கிறேன் என்றார். ஒன்றும் நடக்கவில்லை. ஏன்?

பாதி நேரம் தப்பு மனுவில்தான். எம்பி அலுவலகத்தில் அதைக் கேள்வியாக மாற்றித் தர ஆள் இருப்பதில்லை. கேள்வியாகவே எழுதிக் கொடுத்தால் அது அப்படியே போகும்.

டீக்கடையில் "பகல் கொள்ளைல்லா நடக்கு" என்று சொல்லிக்கொள்ளலாம். நோட்டீஸில் எழுத முடியாது. மக்களவை விதிகளின்படி கேள்வி 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். வாதம், ஊகம், கிண்டல், வசவு, ஆளைக் குற்றம் சாட்டும் வார்த்தை இவற்றில் எது இருந்தாலும் செயலகத்திலேயே தள்ளிவிடுவார்கள். நீதிமன்றத்தில் இருக்கும் விவகாரமும் போகும். ஏற்கெனவே பதில் சொல்லப்பட்டதும் போகும்.

இதைவிடப் பெரிய தப்பு "ஊழல் நடந்ததா?" என்று கேட்பது. அதற்கு அமைச்சர் "இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். எத்தனை, எந்தத் தேதி, எந்த விதி, எவ்வளவு தொகை என்று கேட்டால் கோப்பைப் புரட்டாமல் பதில் சொல்ல முடியாது. நாங்குநேரி சுங்கச்சாவடியையே எடுத்துக்கொண்டால் இப்படி எழுதலாம்:

(அ) கடந்த 3 நிதியாண்டுகளில் நாங்குநேரி சுங்கச்சாவடியில் ஆண்டுவாரியாக வசூலான தொகை எவ்வளவு;
(ஆ) அதே ஆண்டுகளில் கட்டணம் வாங்காமல் விடப்பட்ட வண்டிகள் எத்தனை, எந்தெந்த விதிவிலக்கின் கீழ்;
(இ) அந்தச் சாலைப் பகுதியின் கட்டுமானச் செலவு எவ்வளவு, அதில் இதுவரை மீட்கப்பட்டது எவ்வளவு;
(ஈ) வசூல் ஒப்பந்ததாரருக்கு விதித்த அபராதம் எவ்வளவு, அதில் வசூலானது எவ்வளவு?

இதில் கொக்கி (ஆ)தான். தென்னிந்தியச் சுங்கச்சாவடிகள் பற்றி 2023-ல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, பரனூரில் பாதிக்கும் மேற்பட்ட வண்டிகள் விலக்குப் பெற்றவை என்று கணக்குக் காட்டப்பட்டதைச் சுட்டியது. அங்கே நடந்தது இங்கேயும் நடந்திருக்கும் என்று அர்த்தமில்லை. ஆனால் எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்பது தெரிகிறது. (ஈ)-யும் லேசான கேள்வி இல்லை: அபராதம் போட்டதாகக் கோப்பில் இருக்கும், வசூலித்த ரசீது இருக்காது.

எப்போது கொடுக்க வேண்டும்?

கூட்டத்தொடர் தேதி அறிவித்த வாரத்திலேயே. கேள்விக்கு முழுதாக 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். வெயில் காலத்தில் எழும் பிரச்சினையை ஜூலை மழைக்காலக் கூட்டத்தொடருக்குத் தயார் செய்யலாம். ஐப்பசி, கார்த்திகை வெள்ளச் சேதத்துக்குக் குளிர்காலத் தொடர் நெருக்கடிதான், ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ தொடங்கும் பட்ஜெட் தொடர் தோது. அவை தொடங்கிய பிறகு கொடுத்தால் கடைசி வாரத்துக்குத்தான் போகும், அதற்குள் ஒத்திவைத்தாலும் ஒத்திவைத்துவிடுவார்கள்.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 எழுத்துக் கேள்விகளும் பட்டியலில் வரும். யாருடையது முன்னால் என்பது குலுக்கலில் முடிவாகும். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், எம்பி துணைக் கேள்வி போடலாம். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு கேள்விதான் ஓடும். டிவியில் எம்பி முகம் தெரிய நட்சத்திரம் வேண்டும். உங்களுக்குக் கணக்கு வேண்டுமானால் எழுத்துக் கேள்வியே போதும், அட்டவணை அட்டவணையாக வரும்.

"தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்று பதில் வந்திருக்கிறது. கை கழுவிவிட்டார்களா?

அப்படித்தான் தோன்றும். ஆனால் நாடாளுமன்றக் கணக்கில் அது வாக்குறுதி. அரசு உறுதிமொழிகள் குழுவின் பேரேட்டில் ஏறிவிடும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் துறை கால நீட்டிப்புக் கேட்டு அந்தக் குழுவிடமே போய் நிற்க வேண்டும். நாள் குறித்து வைத்து, மூன்று மாதம் கழித்து எம்பி மூலம் அந்தக் குழுவுக்குக் கடிதம் போடுங்கள். "பரிசீலிக்கப்படும்" என்ற பதிலையும் இப்படியே பிடிக்கலாம்.

"கேள்வி எழவில்லை" என்பது வேறு ரகம். (அ)-வுக்கு "இல்லை" என்று சொல்லிவிட்டால் (ஆ), (இ) எல்லாவற்றையும் இந்த ஒரு வரியில் அடைத்துவிடலாம். அதனால்தான் (அ)-வை ஆம், இல்லை என்று பதில் வரும்படி எழுதக் கூடாது.

பதிலே பொய் என்று உங்கள் கையில் ஆதாரம் இருந்தால், அமைச்சரின் கூற்றில் உள்ள பிழையைச் சுட்ட மக்களவைத் தலைவரின் 115-ஆவது வழிகாட்டுதலின்கீழ் எம்பி எழுதலாம். பதில் பொய்யில்லை, ஆனால் அரைகுறை என்றால் 55-ஆவது விதியின்கீழ் அரைமணி நேர விவாதம் கேட்கலாம். இரண்டுமே அபூர்வமாகத்தான் பயன்படுகின்றன, ஆதாரத்தைக் கோத்துக் கொடுக்க ஆள் இல்லாததால்.

அவையில் பேர் சொல்லிக் குற்றம் சாட்டினால் வழக்குப் போட முடியாதாமே?

முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 105-ஆவது பிரிவு எம்பிக்கும் 194-ஆவது பிரிவு எம்எல்ஏவுக்கும் அந்தப் பாதுகாப்பைத் தருகின்றன. ஆனாலும் வாய்க்கு வந்தபடி பேச முடியாது. மக்களவையின் 353-ஆவது விதிப்படி, ஒருவர்மீது குற்றச்சாட்டு வைக்குமுன் தலைவருக்கும் அமைச்சருக்கும் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். தராமல் பேசினால் குறிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள், உழைப்பு வீண். அதே பேச்சை வண்ணாரப்பேட்டைப் பொதுக்கூட்டத்தில் பேசினால் எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

கேள்வி கேட்டு ஒரு அமைச்சர் பதவி போனதுண்டா?

உண்டு. நம்ம பக்கத்துக்கும் அதில் தொடர்பு இருக்கிறது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1956-ல் தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில், ஹரிதாஸ் முந்த்ராவின் நொடித்துப்போன கம்பெனிகளில் ஒரு கோடிக்கு மேல் பணம் போட்டது. 1957-ல் மக்களவையில் கேள்வியாகத்தான் அது கிளம்பியது. வந்த பதில் வழுக்கலாக இருந்தது. அந்தப் பதிலையே பிடித்துக்கொண்டு டிசம்பர் 16-ல் ஃபெரோஸ் காந்தி பேசினார். அவர் ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். நீதிபதி சாக்ளா கமிஷன் மக்கள் முன்னிலையில் விசாரித்துச் சில வாரங்களிலேயே அறிக்கை தந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

நான்கே வருஷத்தில், 1962-ல், அவர் திருச்செந்தூரிலிருந்து போட்டியின்றித் தேர்வானார். அன்று அது திருநெல்வேலி மாவட்டம். பிறகு மறுபடி நிதியமைச்சரும் ஆனார். அவை அவரை இறக்கியது. நம் மாவட்டத்தில் அவரை எதிர்த்து நிற்க ஓர் ஆள் இல்லை.

காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்ட எம்பிக்கள்?

1951-ல் எச். ஜி. முத்கல் ஒரு வணிகர் சங்கத்திடம் பணம் பெற்றதற்காக வெளியேற்றப்படும் நிலைக்கு வந்து, முந்திக்கொண்டு ராஜினாமா செய்தார். 2005 டிசம்பரில் தொலைக்காட்சியின் ரகசியக் கேமராவில் சிக்கிய 11 பேரை இரு அவைகளும் பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் வெளியேற்றின. அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் சொன்னது.

லஞ்சம் வாங்கி ஓட்டுப் போட்டாலும் அவைக்குள் நடந்ததற்கு வழக்கு இல்லை என்று 1998-ல் ஒரு தீர்ப்பு இருந்தது. 2024 மார்ச் 4-ல் ஏழு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்துவிட்டது. இப்போது வாங்கிய கணமே குற்றம்.

தணிக்கை அறிக்கை வந்தால் ஊழல் நிரூபணமானது போலவா?

இல்லை. செலவு விதிப்படி நடந்ததா, பணத்துக்கேற்ற பலன் கிடைத்ததா என்றுதான் தணிக்கை பார்க்கும். யார் பையில் போட்டார் என்பது அதன் வேலை இல்லை. 2ஜி விவகாரத்தில் 1.76 லட்சம் கோடி உத்தேச இழப்பு என்றது தணிக்கை. 2012-ல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லாரையும் விடுதலை செய்தது. ஒதுக்கீட்டு முறை கோணல் என்பதும், ஆள்மீது குற்றம் நிரூபணம் என்பதும் வேறு வேறு.

தணிக்கை அறிக்கை போய்ச் சேரும் இடம் பொதுக் கணக்குக் குழு. மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7 என 22 பேர்; அமைச்சர் யாரும் இருக்க முடியாது; 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் தலைவராக இருப்பது மரபு. துறைச் செயலரை வரவழைத்துக் குடைவார்கள். கூட்டம் மூடிய அறையில் நடப்பதால் செய்தியில் வராது.

நாடாளுமன்றக் கூட்டுக் குழு வேண்டும் என்று போராடுகிறார்களே?

போஃபர்ஸ், பங்குச் சந்தை மோசடி, 2ஜி எல்லாவற்றுக்கும் அமைத்தார்கள். கட்சி பலத்துக்கேற்ப உறுப்பினர் என்பதால் ஆளுங்கட்சிக்குத்தான் பெரும்பான்மை. அறிக்கையும் அப்படியே வரும், எதிர்க்கட்சி மாறுபட்ட குறிப்பு எழுதும். 2010 குளிர்காலத் தொடர் முழுக்க இந்தக் கோரிக்கையிலேயே கரைந்தது. அத்தனை நாள் கேள்வி நேரம் போனது பெரிய நஷ்டம் என்பது எங்கள் எண்ணம்.

மானூர்க் கோயிலில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. சபையில் எதைச் சொன்னாலும் "அன்று, அன்று" (அல்ல, அல்ல) என்று மறுத்துக்கொண்டே இருப்பவருக்கு 5 காசு தண்டம் என்கிறது அது. இன்றோ அவை கூடும் நாளே குறைந்துவிட்டது: முதல் மக்களவை 677 நாள் கூடியது. 17-ஆவது மக்களவை 274 நாள்தான்.

ஆதாரத்தை எங்கிருந்து எடுப்பது?

தகவல் உரிமைச் சட்டம்தான். சாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மதிப்பீடு, டெண்டர் ஒப்பீட்டுப் பட்டியல், வேலை உத்தரவு, அளவுப் புத்தகம், தரச் சோதனை அறிக்கை, பில் ஆகிய ஆறின் நகலைக் கேளுங்கள். அளவுப் புத்தகத்தை ஆபீஸில் எம்-புக் என்பார்கள். உயிர்நாடி அதுதான்: பணம் அதைப் பார்த்துத்தான் போகிறது.

ஒரு கிலோமீட்டர் நீளம், 3.75 மீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் கனம் என்று எம்-புக்கில் இருந்தால் 112.5 கனமீட்டர் தார்க்கலவைக்குப் பில். போட்டது 20 மில்லிமீட்டர்தான் என்றால் 75 கனமீட்டர். மிச்சம் 37.5 கனமீட்டர் எங்கே என்பதுதான் உங்கள் கேள்வி. சாலை ஓரத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோ செல்லாது, ஓரம் எப்போதும் மெலிந்தே இருக்கும். சட்டத்தின் 2-ஆவது பிரிவு வேலையைப் பார்வையிடவும் மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது. அதைக் குறிப்பிட்டு, பொறியாளர் முன்னிலையில் நடுச்சாலையில் துளையிட்டு மாதிரி கேளுங்கள்.

மனு தோற்கும் காரணங்கள் பெரும்பாலும் சில்லறைக் காரணங்கள். "ஏன் இப்படிப் போட்டீர்கள்?" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். மாநில அலுவலகத்துக்கு 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டலாம். அதையே ஒட்டி ஒன்றிய அரசு அலுவலகத்துக்கு அனுப்பினால் திரும்பி வரும், அங்கே போஸ்டல் ஆர்டர் அல்லது இணையக் கட்டணம். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் ஆணையத்துக்கு.

எம்பி நிதியில் கட்டிய பஸ் ஸ்டாப் இரண்டே வருஷத்தில் விரிசல். எம்பியைக் கேட்கலாமா?

ஆண்டுக்கு 5 கோடி ரூபாயில் எந்த வேலை என்று அவர் பரிந்துரைக்கத்தான் முடியும். மதிப்பீடு, டெண்டர், பில் எல்லாம் மாவட்ட நிர்வாகத்தின் கையில். அதனால் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுவோடு நில்லுங்கள். எம்பியைக் கேட்க வேண்டியது வேறு: மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு, கண்காணிப்புக் குழுவுக்கு (திஷா கமிட்டி) அவர் தலைவர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்ட வேண்டும். கடைசிக் கூட்டம் எப்போது, நடவடிக்கைக் குறிப்பு எங்கே?

சட்டமன்றத்துக்கு நாமே நேரடியாக எழுத முடியுமா?

மனுக்கள் குழுவுக்கு எழுதலாம். குழு மாவட்டத்துக்கு வருமுன் கலெக்டர் அலுவலகம் பத்திரிகையில் அறிவிப்புத் தரும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. பல வருஷமாகத் தீராத பொது விஷயமாக இருக்க வேண்டும். பட்டா, முதியோர் பென்ஷன், வேலை, கடன் போன்ற சொந்தக் குறைகளையும் கோர்ட்டில் இருப்பதையும் எடுக்க மாட்டார்கள். நாடாளுமன்ற மனு என்றால் ஓர் எம்பியின் மேலொப்பம் வேண்டும். தமிழில் எழுதினால் ஆங்கிலம் அல்லது இந்தி மொழிபெயர்ப்பை இணைக்க வேண்டும்.

லோக்பால், லோக் ஆயுக்தா, லஞ்ச ஒழிப்புத் துறை: எது எதற்கு?

பிரதமர், ஒன்றிய அமைச்சர், எம்பி என்றால் லோக்பால். பிரமாணப் பத்திரத்தோடு குறித்த படிவத்தில் தர வேண்டும், சம்பவம் நடந்து 7 ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது. பொய்ப் புகார் என்று தெரிந்தே கொடுத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. முதலமைச்சர், மாநில அமைச்சர், எம்எல்ஏ என்றால் 2018-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தமிழ்நாடு லோக் ஆயுக்தா.

கையில் லஞ்சம் கேட்கும் ஊழியர் என்றால் லஞ்ச ஒழிப்புத் துறை. பணத்தைக் கொடுப்பதற்கு முன் போங்கள். உங்கள் நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு பினாப்தலின் பொடி தடவித் தருவார்கள், அரசு ஊழியர் ஒருவர் சாட்சியாக வருவார். வாங்கியவர் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் நீர் இளஞ்சிவப்பாகும். வழக்கு தோற்பது பெரும்பாலும் நிறத்தில் இல்லை, கேட்டதை நிரூபிக்க முடியாமல். அவர் வாயாலேயே தொகையைச் சொல்லும்படி, சாட்சி காதில் விழும்படி பேச்சு நடக்க வேண்டும். கட்டாயத்தால் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? 7 நாளுக்குள் புகார் செய்யுங்கள். தவறினால் கொடுத்தவரும் குற்றவாளி.

அமைச்சர்மீது வழக்கு ஏன் நகரவே மாட்டேன் என்கிறது?

இரண்டு பூட்டுகள். பதவியின் பேரில் எடுத்த முடிவை விசாரிக்கவே ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17ஏ பிரிவின்படி முன் அனுமதி வேண்டும்; இது 2018-ல் வந்தது. கையும் களவுமாகப் பிடித்தால் இது தேவையில்லை. விசாரணை முடிந்து நீதிமன்றம் போக 19-ஆவது பிரிவின்படி இன்னொரு அனுமதி. அதை மூன்று மாதத்தில், மிஞ்சினால் இன்னொரு மாதத்தில் முடிவு செய்ய வேண்டும். கோப்பு எந்தத் தேதியில் யார் மேசைக்குப் போனது என்பதையே அவையில் கேள்வியாக்கலாம்.

தண்டனை வந்துவிட்டால் தாமதமில்லை. ஊழல் தடுப்புச் சட்டத்தில் அபராதம் மட்டும் விதித்தாலும் பதவி போகும்; 2013 ஜூலைத் தீர்ப்புக்குப் பிறகு மேல்முறையீடு செய்திருக்கிறேன் என்று உட்கார்ந்திருக்க முடியாது. தீர்ப்பையே மேல்நீதிமன்றம் நிறுத்திவைத்தால் திரும்ப வரலாம்.

இதையெல்லாம் செய்தால் நமக்கு ஆபத்தில்லையா?

மணல், குவாரி, பெரிய டெண்டர் என்றால் உண்டு. புகார் கொடுப்போரைக் காக்க 2014-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. அதனால் தனியாளாக எழுதாதீர்கள், ஊரில் நாலைந்து பேர் தனித்தனியாக ஒரே தகவலைக் கேளுங்கள். சமாதானம் பேச வீட்டுக்கு வருகிறவரிடம் மனுவின் நகலைக் கொடுக்காதீர்கள். மூலப் பிரதி வெளியூரில் ஒருவரிடம் இருக்கட்டும்.

எம்பி கேட்டாரா, பதில் வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் உறுப்பினர் பெயர், அமைச்சகம், தேதி எதைப் போட்டுத் தேடினாலும் கேள்வியும் பதிலும் இணைப்பு அட்டவணையோடு கிடைக்கும். பதிலை அச்செடுத்து, உங்களிடம் உள்ள எம்-புக் நகலுக்குப் பக்கத்தில் வைத்து எண்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எங்கே உதைக்கிறதோ, அடுத்த கூட்டத்தொடருக்கான (அ) அதுதான்.